மூணாம் மாடியின் கப்பல்

மார்ச் 4

தம்பிக்கு,

என் கண்ணில் கட்டுப் போட்டிருந்த பத்து நாளில், என் பெயருக்குள் புகுந்துகொண்டு, நான் சேர்த்த பதினோரு பேரைத் தூண்டிலில் புழுவாகக் குத்தி எதிரியின் முன்னால் தொங்கவிட்டாய். நான் கூப்பிட்டேன் என்று நம்பி வந்தார்கள். நான் நிற்கச் சொன்னேன் என்று நம்பி நின்றார்கள். பதினொன்றும் எரிந்து போயிற்று. இதுதான் நடந்தது. இதற்கு வேறு பெயர் எதுவும் வைக்காதே.

போனில் நான்கு முறை கூப்பிட்டாய். எடுக்க மாட்டேன். வாயால் பேசினால் நீ குறுக்கே விழுவாய், நான் கத்துவேன், கடைசியில் "பிரஷர் மாத்திரை போட்டியா அக்கா" என்று கேட்டு முடித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. நீயும் தபாலிலேயே எழுது. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

நாளைக்கு நீ மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே வரிசையாக எழுதுகிறேன்.

ஆறு வருடமாகக் கம்ப்யூட்டரில் ஆடும் இந்த விண்வெளி விளையாட்டில் நம் கூட்டணிக்கு நீ தளபதி. நான் முன்னறை. புதிதாக யார் வந்தாலும் முதலில் கேட்பது என் குரலை. முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களோடு பேசியவள் நான். ஒருவர் மூச்சு விடுவதை வைத்தே சொல்லிவிடுவேன், இவர் நாளைக்கு வருவாரா, ஓடிவிடுவாரா என்று. அப்படிச் சேர்த்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். உன் படையில் பாதிக்கு மேல் நான் பேசிப் பேசிப் பிடித்து வைத்தது.

புதியவர்கள் விட்டுப் போவது எதனால்? இங்கே கப்பல் அழிந்தால் அழிந்ததுதான். விளையாட்டை நடத்தும் கம்பெனியிடம் அழுதாலும் திரும்ப வராது. சேர்த்தது எல்லாம் முதல் தடவை கண்முன்னே வெடிக்கும்போது பத்தில் எட்டுப் பேர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்காகத்தான் நான் முதல் சாவை வைத்தேன். ஒருவர் சேர்ந்து ஏழாம் நாள் ஆளில்லாத இடத்துக்கு வெறுங்கப்பலோடு வரச் சொல்வேன். "அசையாதீங்க" என்பேன். நானே சுடுவேன். அவர் நம் விண்வெளி நிலையத்தில் மறுபடி கண் விழிக்கும்போது அதைவிட நல்ல கப்பல் ஒன்று அவர் பெயரில் நிற்கும். "செத்தாச்சா? போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்பேன். அன்றோடு பயம் போகும். தெரிந்தவர் கையால் முதலில் சாகட்டும், அதன் பிறகு யார் கையால் செத்தாலும் தாங்குவார்கள்.

இந்தப் பதினோரு பேருக்கும் அது பாக்கி இருந்தது. கண் ஆபரேஷன் வந்துவிட்டதால் "கட்டுப் பிரித்ததும் உங்க முறை" என்று சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பாஸ்வேர்டை உன்னிடம் சொன்னது எதற்கு? "புதுசா வர்றவங்க யாருமில்லேன்னு திரும்பிப் போயிடக் கூடாது, ஒரு வணக்கம் மட்டும் சொல்லு" என்று. ஒரு வணக்கம், அவ்வளவுதான்.

கட்டுப் பிரித்த அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முன்னறையில் எழுதியிருந்த செய்திகளை மேலே தள்ளிப் படித்தேன். என் பெயர். என் பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதாத வரிகள். "நிலையத்தைக் காலி பண்றோம். உங்ககிட்ட இருக்கிற எல்லாத்தையும் பெரிய கப்பலில் ஏத்திக்கிட்டுத் தெற்கு வாசலுக்கு வாங்க." அதற்குக் கீழே, எதிரி வந்தபோது, அவர்களில் ஒருத்தி எழுதியிருக்கிறாள்:

"அக்கா, இப்பவா?"

என் பெயர் பதில் சொல்கிறது:

"ஆமாம். அசையாதீங்க."

இதற்குப் பதில் எழுது.

அக்கா


மார்ச் 11

அக்கா,

கடிதம் எழுதி இருபது வருஷமாச்சு. பேனாவே மறந்து போச்சு. கிரேன் கேபினில் உட்கார்ந்து எழுதுறேன், கீழே கப்பல் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நிஜக் கப்பல்.

சரி, நான்தான் பண்ணேன். மறைக்கல.

ஆனா முழுசும் எழுதறேன்னு சொல்லிட்டு நீ பாதியை விட்டுட்டே. அன்னைக்கு நம்ம நிலையத்துக்குள்ளே நூத்தி நாப்பது பேர் மாட்டிக்கிட்டு இருந்தோம். பெரிய வாசலுக்கு வெளியே அறுபது கப்பல் காத்துக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொருத்தரா வெளியே போனா ஒவ்வொருத்தரா சாவோம். உள்ளேயே இருந்தா மறுநாள் நிலையமே போயிடும், முந்நூறு பேரோட மூணு வருஷ உழைப்பு. எனக்குத் தேவைப்பட்டது நாலு நிமிஷம். அவங்களை அந்த வாசல்லேர்ந்து வேற பக்கம் இழுக்க நாலே நிமிஷம். சரக்கு ஏத்தின கனமான கப்பல் பதினொண்ணு, காவலே இல்லாம, மெதுவா வருதுன்னா எவன் விடுவான்? அறுபதும் திரும்பிடுச்சு. நாங்க வெளியே வந்துட்டோம். நிலையம் இன்னைக்கும் நம்மகிட்டதான் இருக்கு.

பதினோரு பேரா, முந்நூறு பேரா? நீ என் இடத்துல உட்கார்ந்து பாரு.

உங்கிட்ட கேட்டிருக்கலாம்தான். கேட்டா நீ என்ன சொல்லியிருப்பே? ஒத்தைக் கண்ணோட எழுந்து வந்து என்னை அடிச்சிருப்பே. கேட்காம செஞ்சதே உனக்குப் பயந்துதான்.

அவங்க பதினோரு பேருக்கும் புதுக் கப்பல் கொடுத்துட்டோம். ஒவ்வொருத்தர் பேருக்கும் பக்கத்துல ஒரு பதக்கம் போட்டு வச்சிருக்கோம். "அக்காவின் பதினொருவர்"னு கூட்டணி முழுக்கப் பேச்சு. அதைக் கேள்விப்பட்டு இன்னும் அறுபது பேர் சேரணும்னு முன்னறையில காத்துக்கிட்டு இருக்காங்க. நீ பேசறதைக் கேட்ட ஞாபகத்துல நானே பேசிப் பார்த்தேன். முதல் ஆளே கேட்டான், "நீங்க யாருங்க, அக்கா எங்கே"ன்னு.

கோபம் போதும். துணியை எடு. ஸ்கிரீனைத் துடை. கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காப் போடறியா?

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

சொட்டு மருந்து போடுகிறேன். அதைப் பற்றி இனிமேல் கேட்காதே.

பதக்கம் போட்டாயாம். நீ சின்ன வயதில் என் ஜடைநாடாவை அறுத்துப் பட்டம் விட்டுவிட்டு, அழுதபோது எனக்கு ஒரு கல் கொண்டுவந்து கொடுத்தாய், "இது ரொம்ப அழகான கல் அக்கா" என்று. ஐம்பத்தைந்து வயதிலும் அதே கல்தான் வைத்திருக்கிறாய்.

முந்நூறு என்றும் பதினொன்று என்றும் எழுதியிருக்கிறாய். எண்ணிக்கை போட எனக்கும் தெரியும். பத்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள் என்பதற்காகத் தெரியாது என்று நினைக்காதே. நீ படித்து முடித்துத் தூக்கிப் போட்ட புத்தகங்களை, உன் துணியைத் துவைத்துக் காயப் போட்ட பிறகு உட்கார்ந்து படித்தவள் நான். இந்த விளையாட்டின் ஐந்நூறு பக்க விதிகளையும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவளும் நான்தான். தளபதியாம் தளபதி. உனக்கு வாசல் எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்லிக் கொடுத்தது யார்?

"பதினோரு பேர்" என்று நீ சொல்லும்போது உனக்குப் பதினொரு கப்பல் தெரிகிறது. எனக்குப் பதினொரு குரல். ஒரு முடிவெட்டுபவர், கடையில் ஆளில்லாத மத்தியானத்தில் மட்டும் வருவார், நடுவில் யாராவது வந்தால் "அக்கா, ஒரு தலை வந்திருச்சு" என்று போய்விடுவார். பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு பெண். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வார்கள். இவர்கள் இழந்ததற்கு நீ பதிலுக்குக் கொடுக்கலாம். மறந்தும் விடுவார்கள். முடிவெட்டுபவர் போனில் சிரித்தார்கூட.

பதிலுக்குக் கொடுக்க முடியாதவள் ஒருத்தி இருக்கிறாள். "அக்கா, இப்பவா?" என்று கேட்டவள். விளையாட்டில் அவள் வைத்துக்கொண்ட பெயரே "மூணாம் மாடி". ஏன் அந்தப் பெயர் என்று முதல் நாள் கேட்டேன். "நான் இருக்கிறது மூணாம் மாடி அக்கா. லிஃப்ட் கிடையாது. அவரைக் கீழே கொண்டுபோய் ஒன்றரை வருஷமாச்சு" என்றாள்.

அவர் அவள் கணவர். கண்ணாடி வெட்டும் வேலை. நமக்கு முன்னாலிருந்தே இந்த விளையாட்டை ஆடியவர். தனியாள், எந்தக் கூட்டணியிலும் சேராதவர். நான்கு வருடம் ஒரே ஒரு கப்பலைக் கட்டினார். கம்பெனி இப்போது தயாரிக்காத பழைய உடல், எங்கெங்கோ தேடிப் பிடித்த பாகங்கள். பிறகு பக்கவாதம் வந்தது. பேச்சு இல்லை, கை இல்லை. கண் மட்டும்தான். சரி என்றால் ஒரு தடவை மூடித் திறப்பார், வேண்டாம் என்றால் இரண்டு தடவை. டாக்டரிடம் போனாலும் சோறு ஊட்டினாலும் சுவரைப் பார்ப்பவர், ஒருநாள் அவள் தற்செயலாக அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டபோது திரும்பிப் பார்த்தாராம். அதனால்தான் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவருடைய கப்பலைத் தன் பெயருக்கு மாற்றி, கட்டிலை ஸ்கிரீனுக்கு நேராகத் திருப்பிப் போட்டு, "இடப்பக்கமா? வலப்பக்கமா?" என்று அவர் கண்ணைக் கேட்டுக் கேட்டு ஓட்டினாள். தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம். நான்கு மாதம் அப்படித் தனியாக ஓட்டிவிட்டுத்தான் நம்மிடம் வந்து சேர்ந்தாள்.

புறப்படுவதற்கு முன்னால் அவள் கேட்டிருக்கிறாள். படித்தேன். "அக்கா, பெரிய கப்பல்னா அவர் கப்பல்தான் இருக்கு, அதையும் எடுக்கணுமா?" நீ என் பெயரில் எழுதியிருக்கிறாய்: "எல்லாத்தையும்."

'அவர்' யார் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

இப்போது ஸ்கிரீனைப் போட்டால் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். ஸ்கிரீனை நிறுத்தினாலும் திறப்பதில்லை. சாப்பாட்டுக்கும் திறப்பதில்லை. ஒன்றா இரண்டா என்று அவள் இனி எதை வைத்துத் தெரிந்துகொள்வாள்? இதைப் பக்கத்து வீட்டுக்காரி போனை எடுத்துச் சொன்னாள். மூணாம் மாடி என்னிடம் பேச வரவில்லை.

அக்கா


மார்ச் 24

அக்கா,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆச்சு. மூணு தடவை எழுதிக் கிழிச்சேன்.

எனக்குத் தெரியாது. சத்தியமா யாரோட கப்பல்னு தெரியாது. அன்னைக்கு என் காதுல ஒரே நேரத்துல நாப்பது பேர் கத்திக்கிட்டு இருந்தாங்க. ஒரு ஸ்கிரீன்ல நான், இன்னொண்ணுல நீ. 'எல்லாத்தையும்'னு ஒரு வார்த்தை அடிச்சிட்டுத் திரும்பிட்டேன்.

ஆனா நீ கடைசி வரைக்கும் படிச்சிருந்தா, இதை ஏன் எழுதலேன்னு எனக்குப் புரியல. எழுத உனக்குக் கை வரலியா? அப்ப நானே எழுதறேன்.

பத்து கப்பல் ஒண்ணரை நிமிஷத்துல போயிடுச்சு. எனக்கு இன்னும் ரெண்டரை நிமிஷம் வேணும். பதினோராவது மட்டும் நின்னுச்சு. அறுபது பேர் சுடறாங்க, நிக்குது. அப்படி ஒரு கட்டு கட்டியிருந்தாரு மனுஷன். அவ ரெண்டாவது தடவை எழுதினா, "அக்கா, இன்னுமா?" நான் "இன்னும் கொஞ்சம்"னு எழுதினேன். மூணாவது தடவை, "அக்கா, அவர் பார்த்துக்கிட்டு இருக்கார்." நான் "அசையாதீங்க"ன்னு எழுதினேன்.

அந்த ஒரு கப்பல் இல்லேன்னா நாங்க நூத்தி நாப்பது பேரும் வெளியே வந்திருக்க மாட்டோம். அவ ஓடியிருக்கலாம். அவ்வளவு பலமான கப்பல், தாராளமா ஓடியிருக்கலாம். ஓடல.

ஏன் ஓடலேன்னு நீ யோசிச்சியா?

இதை எழுதினா நீ என் முகத்துலேயே முழிக்க மாட்டே. பரவால்ல. எந்தக் கூட்டணியிலயும் புதுசா வந்தவன் எதிரியைப் பார்த்தா ஓடுவான். அதுதான் இயல்பு. உன் ஆளுங்க மட்டும்தான் நிப்பாங்க. ஆறு வருஷமா நீ அவங்களுக்குக் கத்துக் கொடுத்தது அதுதான், "அக்கா சொன்னா அசையாதே." எனக்கு அந்த யோசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறே? தூண்டிலுக்கு ஆள் வேணும்னு நினைச்சதும் எனக்கு உன் முதல் சாவுதான் ஞாபகம் வந்துச்சு. என் பேர்ல கூப்பிட்டிருந்தா ஒருத்தரும் நின்னிருக்க மாட்டாங்க. அதனாலதான் உன் பேர்.

துப்பாக்கியை நான் சுட்டேன், ஒத்துக்கறேன். ஆனா அதைத் துடைச்சு எண்ணெய் போட்டுத் தயாரா வச்சிருந்தது நீ.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

படித்தேன்.

அவள் வீடு உன் துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போ. கையில் எதையும் தூக்கிக்கொண்டு போகாதே. மூன்று மாடி ஏறு. அந்த வரிகளை எழுதியது நான்தான், அக்கா இல்லை என்று அவளிடம் சொல்.

போனில் நானே ஒரு நொடியில் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டேன். உன் வாயிலிருந்து வர வேண்டும். அது வரும்வரை அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

நீ கடைசியாக எழுதியிருக்கிறாயே, அதற்கு இப்போது பதில் கிடையாது.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

போயிட்டு வந்தேன். ரெண்டு ஞாயிறு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பினேன், மூணாவது ஞாயிறுதான் ஏறினேன். எல்லாத்தையும் எழுதறேன்.

கீழே ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை. பக்கத்துல படி. செங்குத்தா, ஒரு ஆள்தான் ஏற முடியும். இதுல அவரை எப்படி இறக்குவாங்கன்னு நினைச்சுக்கிட்டே ஏறினேன். கிரேன்ல நாப்பது டன்னைத் தூக்கறவன் நான், அந்தப் படியில ஒரு மனுஷனை இறக்க வழி தெரியல.

கதவைத் திறந்தது அவதான். நான் நினைச்சதைவிடச் சின்னப் பொண்ணு, முப்பத்தஞ்சு இருக்கும். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்துல வேலை போல, கையெல்லாம் வெந்து வெளுத்திருந்துச்சு. "அக்காவோட தம்பி"ன்னு சொன்னேன். முகம் மலர்ந்துடுச்சு அக்கா. அதைத்தான் என்னால தாங்க முடியல. "அக்காவுக்குக் கண்ணு எப்படியிருக்கு?"ன்னு முதல்ல கேட்டா.

ஒரே ரூம். கட்டில், அதுக்கு நேரா மேஜை, மேஜை மேல கம்ப்யூட்டர், அதுவும் துணி போட்டு மூடி. உன் வீட்டுல மாதிரியே. சுவர் முழுக்கக் கண்ணாடித் துண்டுங்களை ஒட்டிப் பூவும் பறவையுமா வச்சிருக்காரு, கை நல்லா இருந்தப்ப செஞ்சது. அவர் படுத்திருந்தாரு. கண்ணு மூடியிருந்துச்சு. தூங்கறாரோன்னு நினைச்சேன். அவ சொன்னா, "தூங்கல. இப்படித்தான்."

"நல்ல நேரத்துல வந்தீங்க, கொஞ்சம் பிடிங்க"ன்னா. ரெண்டு பேருமா அவரைப் புரட்டிப் போட்டுப் படுக்கை விரிப்பை மாத்தினோம். காலை நான் பிடிச்சேன். கனமே இல்ல. புரட்டறப்ப அவர் முகம் என் தோள்ல வந்து சாஞ்சுது. மூச்சு என் கழுத்துல பட்டுச்சு.

அப்புறம் டீ போட்டுக் கொடுத்துட்டு எதிர்ல உட்கார்ந்து, அவளா கேட்டா. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு அக்கா ஏன் அப்படிச் செஞ்சாங்க? எங்களுக்குப் புதுக் கப்பல் கொடுத்துட்டாங்க, அது சரி. ஆனா முதல் சாவுக்கு வெறுங்கப்பல்லதான் வரணும்னு அவங்கதானே சொன்னாங்க?"

அதான் நேரம். வாயைத் திறந்தேன்.

அக்கா, நான் சொல்லல.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா, நான் விளையாடறதில்ல"ன்னு சொல்லிட்டேன். அந்த வார்த்தை எப்படி வந்துச்சுன்னே தெரியல. வந்துடுச்சு.

அவ என் டம்ளரை வாங்கிக் கீழே வச்சா. அப்புறம் சொன்னா, "அக்கா சொன்னா ஏதாவது காரணம் இருக்கும். நான்தான் புரிஞ்சுக்கல போல. இவர்கிட்டயும் அதைத்தான் தினமும் சொல்லிக்கிட்டு இருக்கேன். அக்கா வருவாங்க, வந்து ஏன்னு சொல்லுவாங்கன்னு."

இறங்கறப்ப ரெண்டாம் மாடியில உட்கார்ந்துட்டேன்.

நீ என்ன வேணா சொல்லு. நான் தளபதி வேலையை விட்டுட்டேன். நேத்து எழுதிக் கொடுத்துட்டேன். ஏன்னு கேட்டாங்க. அவங்ககிட்டயும் சொல்லல.

தம்பி


ஏப்ரல் 26

தம்பிக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் வைத்திருந்து படித்தேன். டாக்டர் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் படிக்க அனுமதித்திருக்கிறார், அத்தனையும் அதற்கே போயிற்று.

நீ கோழை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதில் மறந்துவிடும். நூற்று நாற்பது பேருக்குக் கட்டளையிட்டவன், ஒரு டீ டம்ளருக்கு முன்னால் வாய் செத்துப் போனாய். உன்னை மன்னித்தேன் என்று நான் எழுதப் போவதில்லை. எதிர்பார்க்காதே.

ஆனால் உன் கடிதத்தில் என்னைப் படுக்கவிடாதது நீ சொன்ன பொய் இல்லை. "அக்கா சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்." இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் பேசியிருக்கிறேன். என் நோட்டில் எழுபது அறிவுரை இருக்கிறது. முதல் வாரம் ஆயுதம் வாங்காதே. முகம் தெரியாதவன் இனாமாகக் கொடுத்தால் தொடாதே. வழியில் நின்று யோசிக்காதே, நிலையத்துக்குள் வந்து யோசி. அடுப்பில் பால் இருந்தால் கப்பலை விட்டுவிட்டு ஓடு. எழுபதையும் நேற்று வாசித்துப் பார்த்தேன். 'ஏன் என்று கேள்' என்று ஒரு வரி இல்லை. அவள் மூன்று தடவை எழுதினாள், கேட்டது இப்பவா என்றும் இன்னுமா என்றும்தான். ஏன் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் செய்தவள் நான். நீ மார்ச்சில் எழுதினாயே, துடைத்து எண்ணெய் போட்டு வைத்தது நான் என்று. அதற்கு அப்போது பதில் கிடையாது என்றேன். பதில் இதுதான்: ஆமாம்.

இன்னொன்று. கட்டுப் பிரித்த நாளிலிருந்து இன்றுவரை ஐம்பத்தைந்து நாள், அவளிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். உன் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று நான் பிடித்த பிடியில், அந்த ஐம்பத்தைந்து நாளும் அவள் அந்த மனிதரிடம் "அக்கா வருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அது உன் தலையில் இல்லை. என் தலையில்.

அதனால் இனி நடக்க வேண்டியது இது. இதில் எதையும் பேரம் பேசாதே.

முதல் சாவு இன்றோடு நின்றது. யாரும் யாரையும் பழக்கத்துக்காகச் சுடக் கூடாது, நானும்தான். முன்னறையில் காத்திருக்கும் அறுபது பேருக்கு இதை அறிவிப்பது பள்ளி வேன் ஓட்டும் பெண். அவளிடம் பேசிவிட்டேன். முன்னறை இனி அவளுடையது. என் நோட்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், எழுபத்தொன்றாவது வரியைச் சேர்த்து. 'யார் நிற்கச் சொன்னாலும், அக்காவே சொன்னாலும், ஏன் என்று கேள். பதில் வரவில்லை என்றால் ஓடு.'

பதினோரு பேருடைய பெயருக்குப் பக்கத்திலும் நீ ஒட்டிய பதக்கத்தைப் புதுத் தளபதி எடுக்க வேண்டும். எடுக்கும்போது எதற்காக எடுக்கிறோம் என்று கூட்டணி முழுக்கப் படிக்கும்படி எழுத வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பதை நீ எழுதிக் கொடு. உன் கையெழுத்தில், உன் பெயரில். என் பெயருக்குள் உட்கார்ந்து எழுதத் தெரிந்தவனுக்குச் சொந்தப் பெயரில் எழுதத் தெரியாமல் போகாது.

என் பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது. அது என் வேலை, முடிந்தது.

முடிவெட்டுபவர், அந்தப் பக்கத்தில் தனக்குப் பழக்கமுள்ள நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூணாம் மாடியின் கணவரை நாற்காலியில் உட்கார வைத்து, படியில் இறக்கி, கீழே சைக்கிள் கடை வாசலில் வெயிலில் கொஞ்ச நேரம் வைக்கலாம் என்றார். தானே முகமும் மழித்துவிடுகிறாராம். கணவர் சம்மதித்தால் மட்டும். அவர் எப்படிச் சம்மதம் சொல்வார் என்பது எனக்குத் தெரியாது. கேட்க வேண்டியது மூணாம் மாடி.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் அந்த வீட்டுக்கு வருகிறேன். அடுத்த கண் ஆபரேஷனுக்கு முன்னால் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஏறுவேன். அவளிடம் பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன். உனக்காகப் பேச மாட்டேன், உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன். என் பங்கை மட்டும் சொல்வேன்.

நீ பத்து மணிக்குப் படிக்குக் கீழே நில். நான் ஏறி முடித்ததும் ஏறி வா. கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும், இல்லை என்றால் தரையில் உட்கார். அவளிடம் அல்ல, அவரிடம் சொல். எந்தக் கூட்டணியிலும் சேராதவர், யாரையும் நம்பாமல் நான்கு வருடம் தனியாகக் கட்டியவர். அந்தக் கப்பலை நிற்கச் சொன்னது யார், எத்தனை நிமிடம், எதற்காக என்று அவருக்குத் தெரிய வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல். கண் மூடியிருக்கும். பரவாயில்லை, காது மூடவில்லை.

அவர் எதுவும் செய்ய வேண்டாம். கண்ணைத் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி. நீ சொல்லி முடிக்கும்வரை அசையாதே.

அக்கா